குடல் பாலிப்பும் மூளைக் கட்டியும் ஒரே குடும்பத்தில்: டர்கோ சிண்ட்ரோம் ஓர் அறிமுகம்

பெருங்குடலின் உட்சுவரில் தோன்றும் பாலிப் என்னும் சிறு சதை வளர்ச்சிக்கும், மண்டையோட்டுக்குள் வளரும் கட்டிக்கும் மேலோட்டமாகப் பார்த்தால் எந்தத் தொடர்பும் இல்லை. முன்னதைக் குடல்நோய் மருத்துவர் கவனிக்கிறார். பின்னதை நரம்பியல் அறுவை மருத்துவர் கவனிக்கிறார். ஒரு நோயாளியின் கோப்பு இந்த இரு துறைகளுக்கும் சேர்ந்து போவது அரிது. ஆயினும் மிகச் சில குடும்பங்களில் இவ்விரண்டும் ஒருவரிடமே, அல்லது உடன்பிறந்தவர்களுக்கிடையே, சேர்ந்து வருகின்றன. இந்தச் சேர்க்கைக்கு மருத்துவ நூல்கள் நெடுங்காலமாக வழங்கிவரும் பெயர் டர்கோ சிண்ட்ரோம். ஒன்றாகச் சேர்ந்து தோன்றும் நோய்க்குறிகளின் தொகுப்பையே சிண்ட்ரோம் என்கிறோம்.

இந்தப் பெயரை முதன்முதலாகக் கேள்விப்படுபவர் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு: டர்கோ சிண்ட்ரோம் என்பது ஒரே நோய் அன்று. வெவ்வேறு மரபணுக் குறைபாடுகளால் உண்டாகும், அடிப்படையில் தொடர்பற்ற இருவகை நோய்கள் வெளித்தோற்றத்தில் ஒத்திருப்பதால் ஒரே பெயரின் கீழ் வந்து சேர்ந்துவிட்டன. எந்த வகை என்று தெரியாமல், அடுத்த குழந்தைக்கு நோய் வருமா, பெற்றோரையும் பரிசோதிக்க வேண்டுமா, எந்த மருந்து வேலை செய்யும் என்ற எந்தக் கேள்விக்கும் சரியான விடை கிடைக்காது. அதனால்தான் இன்றைய மரபியல் மருத்துவர்களில் பலர் இந்தப் பெயரைத் தவிர்த்துவிட்டு, மரபணுவைக் குறிப்பிட்டே பேசுகிறார்கள். பழைய பெயர் இன்னும் மருத்துவ அறிக்கைகளில் வந்துகொண்டிருப்பதால், அதன் வழியாகவே இந்தக் கட்டுரையும் உள்ளே செல்கிறது.

பெயரின் வரலாறு

கனடாவைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஜாக் டர்கோ, தம் உடன்பணியாளர்கள் இருவருடன் சேர்ந்து 1959-இல் ஒரு குறுகிய அறிக்கையை வெளியிட்டார். பதின்பருவத்திலேயே பெருங்குடலில் ஏராளமான பாலிப்புகள் தோன்றியிருந்த ஓர் அண்ணனையும் தங்கையையும் பற்றியது அது. பின்னர் அண்ணனுக்குத் தண்டுவடத்தில் மெடுல்லோபிளாஸ்டோமா என்ற புற்றுக்கட்டியும், தங்கைக்கு மூளையின் முன்மடலில் கிளியோபிளாஸ்டோமா என்ற மற்றொரு வகைப் புற்றுக்கட்டியும் உண்டாயின. இதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1949-இல், கிரெய்ல் என்ற மருத்துவர் இதுபோன்ற ஒரு நோயாளியை விவரித்திருந்தார் என்றாலும், பெயர் டர்கோவுக்கே நிலைத்தது.

அடுத்த முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு விவாதம் நடந்தது. சில குடும்பங்களில் பெற்றோரில் ஒருவருக்கும் பிள்ளைகளில் சிலருக்கும் எனத் தலைமுறை தலைமுறையாக நோய் இறங்கி வந்தது. இது ஓங்கு முறை மரபு. பெற்றோரில் ஒருவரிடமிருந்து பழுதான மரபணுப் பிரதி ஒன்று வந்தாலே போதும். வேறு சில குடும்பங்களிலோ பெற்றோர் நலமாக இருக்க, உடன்பிறந்தவர்களுக்குள் மட்டும் நோய் வந்தது. இது ஒடுங்கு முறை மரபின் இயல்பு. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்து சேர்ந்தாக வேண்டும். ஒரே நோய் எப்படி இரு வழிகளிலும் வர முடியும் என்று மருத்துவர்கள் இரு தரப்பாகப் பிரிந்து எழுதினார்கள். இரு தரப்பினரும் தாங்கள் பார்த்த குடும்பங்களைப் பொறுத்தவரை சரியாகவே சொன்னார்கள் என்பது பின்னர்தான் தெரிந்தது.

விவாதத்தை முடித்துவைத்தது 1995-இல் ஸ்டான்லி ஹாமில்டனும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு. டர்கோ சிண்ட்ரோம் என்று பதிவாகியிருந்த 14 குடும்பங்களின் மரபணுக்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். அவற்றில் 10 குடும்பங்களில் ஏபிசி (APC) என்ற மரபணுவில் பிறழ்வு காணப்பட்டது; அக்குடும்பங்களில் வந்த மூளைக் கட்டிகளில் பெரும்பாலானவை மெடுல்லோபிளாஸ்டோமா. எஞ்சிய 4 குடும்பங்களில் வந்தவை கிளியோபிளாஸ்டோமா. இவற்றில் மூன்று குடும்பங்களின் கட்டிகளில், டிஎன்ஏ நகலெடுப்பில் நேரும் பிழைகள் திருத்தப்படாமல் குவிந்து கிடந்ததற்கான தடயம் இருந்தது. டர்கோ முதலில் விவரித்த குடும்பத்தின் கட்டித் திசுவிலும் அதே தடயம் தென்பட்டது. ஆக, இரு வகை நோய்களும் தத்தம் மரபணுவையும் தத்தம் மூளைக் கட்டியையும் காட்டிக்கொடுத்துவிட்டன.

பாலிப் எப்படிப் புற்றாகிறது

மரபணுக்களுக்குள் போகும் முன் பாலிப் பற்றிச் சில வார்த்தைகள். பெருங்குடலின் உட்சுவரை மூடியிருக்கும் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து, அடியிலிருக்கும் மூலச்செல்களிலிருந்து புதியவை எழுந்து அவற்றின் இடத்தைப் பிடிக்கின்றன. இவ்வளவு வேகமாகப் பிரியும் திசுவில், பிரிவதை நிறுத்தும் கட்டுப்பாடு ஓரிடத்தில் தவறினால், அங்கே செல்கள் குவிந்து ஒரு சிறு மேடு உண்டாகிறது. இதில் அடினோமா என்ற வகைப் பாலிப்தான் இங்கே முக்கியம். அது தொடக்கத்தில் தீங்கற்றது. ஆனால் மேலும் சில பிறழ்வுகள் அதில் சேரச் சேரப் புற்றாக மாறக்கூடியது. பொதுமக்களிடையே இந்த மாற்றத்துக்குப் பெரும்பாலும் பத்தாண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். அந்த நீண்ட இடைவெளிதான் கொலனோஸ்கோபி என்ற குடல் அகநோக்கிப் பரிசோதனையைப் பயனுள்ளதாக்குகிறது: பாலிப்பைப் பார்த்த இடத்திலேயே அகற்றிவிட்டால், அந்தப் பாலிப் புற்றாகும் வாய்ப்பே இல்லை.

ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒன்று தாயிடமிருந்தும் மற்றொன்று தந்தையிடமிருந்தும் வந்தது. புற்றைத் தடுக்கும் மரபணு ஒன்றில் ஒரு பிரதி பழுதானாலும் மற்றது பெரும்பாலும் வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஒரு செல்லில் இரண்டும் பழுதானால்தான் தடுப்பு முற்றாக நீங்குகிறது. ஆல்ஃபிரட் நட்சன் 1971-இல் விழித்திரைப் புற்றை வைத்து முன்வைத்த 'இரு அடிகள்' என்ற கருத்து இதுதான். பரம்பரைப் புற்றுநோய் உள்ளவர்களுக்கு முதல் அடி பிறப்பதற்கு முன்பே, உடலின் எல்லாச் செல்களிலும் விழுந்துவிட்டது. இரண்டாவது அடி ஏதாவது ஒரு செல்லில் விழுந்தால் போதும். கோடிக்கணக்கான செல்களில் அது எங்காவது விழத்தான் செய்யும். ஒரு திருத்தத்தையும் இங்கேயே சேர்த்துவிட வேண்டும். பரம்பரையாக வருவது புற்றுநோய் அன்று. புற்றுநோய் வருவதற்கான கூடுதல் வாய்ப்பு மட்டுமே.

முதல் வகை: ஏபிசி மரபணு

ஐந்தாம் குரோமோசோமின் நீண்ட கையில் இருக்கும் ஏபிசி மரபணு 1991-இல் அடையாளம் காணப்பட்டது. அது உருவாக்கும் புரதம் 2843 அமினோ அமிலங்கள் கொண்ட மிகப் பெரிய ஒன்று. அதன் பல வேலைகளில் தலையாயது, பீட்டா கேட்டனின் என்ற மற்றொரு புரதத்தின் அளவைக் கட்டுக்குள் வைத்திருப்பது. பீட்டா கேட்டனின் செல்லின் உட்கருவுக்குள் சென்றால், பிரியச் சொல்லும் மரபணுக்களை இயக்கிவிடும். இயல்பான செல்லில் ஏபிசி புரதம் வேறு சில புரதங்களுடன் கூடி ஒரு தொகுதியாக நின்று, தேவைக்கு மேற்பட்ட பீட்டா கேட்டனினைப் பிடித்து அழிவுக்கு அனுப்புகிறது. ஏபிசியின் இரு பிரதிகளும் பழுதானால் இந்தத் தொகுதி சரிவர உருவாகாது. பீட்டா கேட்டனின் தேங்கி, உட்கருவுக்குள் நுழைந்து, பிரியச் சொல்லும் ஆணையை ஓயாமல் கொடுத்துக்கொண்டிருக்கும்.

ஏபிசி மரபணுவில் ஒரு பிரதி பழுதாகப் பிறந்தவர்களுக்கு வருவது குடும்பவழி அடினோமாப் பாலிப்பெருக்கம் என்ற நோய். ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கு இது இருப்பதாகக் கணிக்கப்படுகிறது. பதின்பருவத்தில் பெருங்குடலிலும் மலக்குடலிலும் பாலிப்புகள் தோன்றத் தொடங்கி, நூற்றுக்கணக்கிலும் சிலருக்கு ஆயிரக்கணக்கிலும் பெருகுகின்றன. அகநோக்கியின் திரையில் பார்க்கும்போது, பாலிப் இல்லாத ஓர் அங்குலக் குடற்சுவரைக் காண்பதே அரிதாக இருக்கும். இவ்வளவு பாலிப்புகளில் எது புற்றாகும் என்று கணிக்க வழியில்லை. சிகிச்சை பெறாமல் விட்டால் ஏறத்தாழ அனைவருக்குமே பெருங்குடற்புற்று வந்துவிடும்; அது வரும் சராசரி வயது 39 மட்டுமே.

குடலுக்கு வெளியேயும் அடையாளங்கள் உண்டு. தாடையெலும்பிலோ மண்டையெலும்பிலோ தீங்கற்ற எலும்புக் கட்டிகள், எண்ணிக்கையில் கூடுதலான பற்கள், வயிற்றுச் சுவரில் டெஸ்மாய்டு என்ற நார்த்திசுக் கட்டி, தைராய்டு புற்று, கைக்குழந்தைகளுக்கு ஹெபடோபிளாஸ்டோமா என்ற கல்லீரல் கட்டி ஆகியன அவற்றில் சில. இவற்றுள் எனக்கு மிகவும் குறிப்பிடத்தக்கதாகப் படுவது கண்ணுக்குள் இருக்கும் ஓர் அடையாளம். விழித்திரையின் நிறமி அடுக்கில் கருமையான, விளிம்பு தெளிந்த புள்ளிகள் பிறவியிலேயே அமைந்திருக்கும். அவை பார்வையைப் பாதிப்பதில்லை. ஆனால் குடலில் ஒரு பாலிப்கூடத் தோன்றாத வயதிலேயே, கண் மருத்துவர் கண்மணியை விரித்துப் பார்க்கும்போது இரு கண்களிலும் இத்தகைய புள்ளிகள் பல தென்பட்டால், குடும்ப வரலாற்றைக் கேட்டறிய அதுவே போதிய காரணம்.

இனி மூளைக்கு வருவோம். ஏபிசி பிறழ்வு உள்ளவர்களுக்கு வரும் மூளைக் கட்டி பெரும்பாலும் மெடுல்லோபிளாஸ்டோமா. தலையின் பின்பகுதியில், உடலின் சமநிலையையும் அசைவுகளின் ஒழுங்கையும் பார்த்துக்கொள்ளும் சிறுமூளையில் உண்டாகும் இக்கட்டி, குழந்தைகளுக்கு வரும் வீரியமிக்க மூளைக் கட்டிகளில் மிகுதியாகக் காணப்படுவது. இதை இன்று மூலக்கூறு அடிப்படையில் சில பிரிவுகளாக வகுக்கிறார்கள். அவற்றில் டபிள்யுஎன்டி என்ற பிரிவு, மேலே சொன்ன பீட்டா கேட்டனின் பாதை மிகையாக இயங்குவதால் உண்டாவது. இந்தப் பிரிவைச் சேர்ந்த பெரும்பாலான குழந்தைகளுக்குப் பழுது கட்டிக்குள் மட்டும், அதுவும் பீட்டா கேட்டனினின் மரபணுவிலேயே இருக்கும்; அது பரம்பரையாக வந்ததன்று. அந்தப் பழுது காணப்படாத டபிள்யுஎன்டி கட்டி என்றால் மட்டும், பிறவியிலேயே ஏபிசி பிறழ்வு இருக்கிறதா என்று இரத்தத்தில் தேட வேண்டும். சற்று ஆறுதலான செய்தியும் இங்கே உண்டு: மெடுல்லோபிளாஸ்டோமாவின் பிரிவுகளிலேயே சிகிச்சைக்கு மிக நன்றாக இணங்குவது குழந்தைகளின் டபிள்யுஎன்டி பிரிவுதான்; ஐந்தாண்டுகளுக்கு மேல் உயிர்வாழ்வோர் 90 விழுக்காட்டுக்கும் அதிகம்.

1995 ஆய்வில் இடம்பெற்ற ஓர் எண்ணைப் பலர் தவறாகப் புரிந்துகொள்வதால், அதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. குடும்பவழி அடினோமாப் பாலிப்பெருக்கம் உள்ளவர்களுக்கு மெடுல்லோபிளாஸ்டோமா வரும் வாய்ப்பு, பொதுமக்களுக்கு இருப்பதைப்போல் 92 மடங்கு என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. இதைப் படிக்கும் பெற்றோர், தம் பிள்ளைக்கு மூளைக் கட்டி வருவது ஏறக்குறைய உறுதி என்று அஞ்சிவிடுகிறார்கள். ஆனால் மெடுல்லோபிளாஸ்டோமா பொதுமக்களிடையே மிக மிக அரிதானது. மிகச் சிறிய ஓர் எண்ணை 92-ஆல் பெருக்கினாலும் கிடைப்பது சிறிய எண்தான். ஏபிசி பிறழ்வு உள்ளவர்களில் மூளைக் கட்டி வருபவர்கள் ஏறத்தாழ நூற்றில் ஒருவர் அல்லது அதற்கும் குறைவு. குடற்புற்றின் வாய்ப்போ, கண்காணிப்பும் சிகிச்சையும் இல்லாவிட்டால், ஏறத்தாழ முழுமையானது. அச்சத்தையும் கவனத்தையும் எங்கே செலுத்த வேண்டும் என்பதை இந்த இரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் முடிவுசெய்ய முடியும். எத்தனை மடங்கு என்று மட்டும் சொல்லி, மொத்த வாய்ப்பு எவ்வளவு என்று சொல்லாமல் விடும் எந்த மருத்துவச் செய்தியையும் நான் பாதிச் செய்தியாகவே கருதுகிறேன்.

இரண்டாம் வகை: பிழை திருத்தும் மரபணுக்கள்

ஒரு செல் இரண்டாகப் பிரியும் முன், தன்னிடமுள்ள ஏறத்தாழ 600 கோடி டிஎன்ஏ எழுத்துகளையும் நகலெடுத்தாக வேண்டும். நகலெடுக்கும் நொதி மிகத் துல்லியமானது. ஆனாலும் இவ்வளவு நீளத்தில் சில பிழைகள் தங்கிவிடும். அச்சுக்குப் போகும் முன் படியைப் படித்துப் பார்க்கும் பிழைதிருத்துநர் போல, நகலெடுப்பு முடிந்த கையோடு பின்தொடர்ந்து வரும் ஒரு புரதக் குழு, பொருந்தாத எழுத்துகளைக் கண்டு, அந்தத் துண்டை வெட்டியெடுத்துச் சரிசெய்கிறது. இந்தக் குழுவின் முக்கிய உறுப்பினர்களை உருவாக்கும் மரபணுக்கள் நான்கு: எம்எல்ஹெச்1, எம்எஸ்ஹெச்2, எம்எஸ்ஹெச்6, பிஎம்எஸ்2.

பிழைகள் எங்கே மிகுதியாக விழும் என்பதைப் பார்த்தால் இதன் செயற்பாடு தெளிவாகும். டிஎன்ஏவில் ஒரே எழுத்தோ சிறு எழுத்துக் கோவையோ திரும்பத் திரும்ப வரும் இடங்கள் உண்டு. மைக்ரோசாட்டிலைட் என்பது அவற்றின் பெயர். 'ஏ' என்ற எழுத்து தொடர்ந்து 26 முறை வரும் ஓர் இடத்தை நகலெடுக்கும்போது நொதி சற்று வழுக்கி, 25 முறையோ 27 முறையோ எழுதிவிடலாம். பிழை திருத்தும் குழு நலமாக இருந்தால் இது உடனே சரியாகிவிடும். குழு செயலிழந்த செல்லில், ஒவ்வொரு பிரிவின்போதும் இந்த நீளம் மாறிக்கொண்டே போகும். கட்டித் திசுவில் 26-க்குப் பதிலாக 20, 22, 23 என்று பல நீளங்கள் கலந்து கிடந்தால், அங்கே பிழை திருத்தம் நடக்கவில்லை என்று ஆய்வகம் முடிவுசெய்யும். இதற்கு மைக்ரோசாட்டிலைட் நிலையின்மை என்று பெயர். செல்லின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மரபணு ஒன்றுக்குள்ளேயே இத்தகைய எழுத்துத் தொடர் அமைந்திருந்தால், ஓரெழுத்து கூடுவதோ குறைவதோ அந்த மரபணுவையே பயனற்றதாக்கிவிடும். புற்று உண்டாகும் வழி அதுதான்.

இந்த நான்கு மரபணுக்களில் ஒன்றில் ஒரு பிரதி மட்டும் பழுதாகப் பிறந்தவர்களுக்கு இருப்பது லிஞ்ச் சிண்ட்ரோம். இதைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து நிலைநாட்டிய அமெரிக்க மருத்துவர் ஹென்றி லிஞ்ச்சின் பெயரால் இது வழங்குகிறது. பரம்பரைக் குடற்புற்று நோய்களில் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. இங்கே பாலிப்புகள் ஒருசில மட்டுமே தோன்றும். ஆனால் தோன்றிய பாலிப் ஓரிரண்டு ஆண்டுகளிலேயே புற்றாகிவிடக்கூடும். பெண்களுக்குக் கருப்பை உட்சுவர்ப் புற்றின் வாய்ப்பும் அதிகம். கருமுட்டைப்பை, இரைப்பை, சிறுநீர்ப்பாதை ஆகியவற்றிலும் புற்று வரலாம். மூளைக் கட்டி இந்தப் பட்டியலில் கடைசியில்தான் இருக்கிறது. வந்தால் அது பெரும்பாலும், கிளியோபிளாஸ்டோமாவும் அடங்கிய கிளியோமா இனத்தைச் சேர்ந்ததாக, பெரியவர்களுக்கு வருவதாக இருக்கும்.

தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக, ஒரே மரபணுவின் இரு பிரதிகளும் பழுதாகப் பிறக்கும் குழந்தைகளின் நிலை வேறு. அவர்களுக்கு இரண்டாவது அடிக்காகக் காத்திருக்கும் தேவையே இல்லை. உடலின் எந்தச் செல்லிலும் பிழை திருத்தம் நடப்பதில்லை. பிறவிவழிப் பிழைதிருத்தக் குறைபாடு எனப்படும் இந்த மிக அரிய நிலையில், வீரியமிக்க மூளைக் கட்டிகள், இரத்தப் புற்று, நிணநீர்ப் புற்று ஆகியன முதல் பத்தாண்டுக்குள்ளேயே வரலாம். அதைத் தாண்டியவர்களுக்குப் பதின்பருவத்தில் குடலில் பாலிப்புகளும் புற்றும் தோன்றுகின்றன. பாலிப்புகள் சிலருக்குப் பத்துக்கணக்கில் பெருகி, ஏபிசி நோயோ என்று ஐயுறும் அளவுக்குப் போவதும் உண்டு. டர்கோ விவரித்த அண்ணன் தங்கையின் கதை இந்த நிலையோடுதான் மிக நன்றாகப் பொருந்துகிறது.

பெற்றோர் நலமாக இருக்கக் குழந்தைகளுக்கு மட்டும் நோய் வந்த பழைய புதிருக்கும் விடை இங்கே கிடைக்கிறது. இந்தக் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் பழுதாகியிருப்பது பிஎம்எஸ்2 மரபணு. நான்கு மரபணுக்களிலும், ஒரு பிரதி பழுதாக இருப்பவர்களுக்கு மிகக் குறைந்த புற்று வாய்ப்பைத் தருவது இதுதான். ஆகவே பெற்றோர் இருவரும் லிஞ்ச் சிண்ட்ரோம் உடையவர்களாக இருந்தும், இளம் வயதில் அவர்களுக்கோ அவர்களுடைய பெற்றோருக்கோ புற்று எதுவும் வராமல் இருந்திருக்கலாம். குடும்ப வரலாற்றில் ஒன்றுமில்லை என்ற ஒரே காரணத்தால் பரம்பரை நோயை ஒதுக்கிவிடக் கூடாது என்று மரபியல் மருத்துவர்கள் வலியுறுத்துவது இதனால்தான். பெற்றோர் நெருங்கிய இரத்த உறவினராக இருந்தால், இருவரும் ஒரே பழுதான பிரதியைச் சுமந்திருக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதும் இதோடு சேர்ந்தது.

இக்குழந்தைகளின் தோலில் பால் கலந்த காப்பியின் நிறத்தை ஒத்த வெளிர்பழுப்புத் திட்டுகள் பெரும்பாலும் காணப்படும். நியூரோஃபைப்ரோமாட்டோசிஸ் என்ற வேறொரு மரபு நோயிலும் இதே திட்டுகள் வருவதால், நோயை மாற்றிக் கணிப்பது நடக்கிறது. அத்தகைய திட்டுகளோடு மூளைக் கட்டியும் உள்ள குழந்தைக்கு நியூரோஃபைப்ரோமாட்டோசிஸ் மரபணுவில் எதுவும் கிடைக்கவில்லையானால், அடுத்துத் தேட வேண்டிய இடம் பிழை திருத்தும் மரபணுக்கள்.

எப்படிக் கண்டறிகிறார்கள்

அறுவையிலோ அகநோக்கிப் பரிசோதனையிலோ எடுத்த திசுவிலிருந்தே தேடல் தொடங்கலாம். நான்கு பிழைதிருத்தப் புரதங்களுக்கும் தனித்தனியே சாயமேற்றிப் பார்க்கும் திசுப் பரிசோதனை ஒன்று உண்டு. புரதம் இருக்கும் செல்லின் உட்கரு பழுப்பு நிறமேறும். இல்லாத செல்லின் உட்கரு நீலமாகவே நிற்கும். லிஞ்ச் சிண்ட்ரோம் உள்ளவரின் கட்டியில் புற்றுச்செல்கள் நீலமாகவும், அவற்றுக்கு இடையே இருக்கும் இயல்பான செல்கள் பழுப்பாகவும் தெரியும். ஏனெனில் இயல்பான செல்களில் நல்ல பிரதி ஒன்று இன்னும் வேலை செய்கிறது. இரு பிரதிகளும் பழுதாகப் பிறந்த குழந்தையின் திசுவிலோ புற்றுச்செல்லும் நீலம், அதன் அருகிலிருக்கும் இரத்தக்குழாய்ச் செல்லும் நீலம். அனுபவமற்ற கண்ணுக்குச் சாயமே ஏறவில்லை, பரிசோதனை பழுதாகிவிட்டது என்று தோன்றும். நோயின் விடையே அந்த வெறுமையில் இருக்கிறது என்பதை அறிந்த நோய்க்குறியியல் மருத்துவர் ஒருவர் பார்த்தாக வேண்டும்.

இறுதி முடிவைத் தருவது இரத்தத்திலிருந்து செய்யப்படும் மரபணுப் பரிசோதனை. பிஎம்எஸ்2 மரபணுவை வாசிப்பது மட்டும் ஆய்வகத்துக்குச் சிக்கலானது. மரபணுத்தொகுதியில் அதைப் போலவே தோற்றமளிக்கும் செயலற்ற பிரதிகள் பல இருப்பதால், எது உண்மையான மரபணுவின் எழுத்து என்று பிரித்தறியச் சிறப்பு முறைகள் தேவைப்படுகின்றன.

நோயாளியும் குடும்பத்தாரும் கவனிக்க வேண்டிய அறிகுறிகளும் சில உண்டு. காலையில் எழுந்ததும் தலைவலி, அதோடு குமட்டலின்றித் திடீரென வரும் வாந்தி, நடையில் தள்ளாட்டம், பார்வை இரண்டாகத் தெரிவது, பழகிய கையெழுத்து குலைவது, வலிப்பு ஆகியன மூளையின் பக்கம் விரலைக் காட்டுகின்றன. மலத்தில் இரத்தம், காரணம் தெரியாத இரத்தசோகை, மலங்கழிக்கும் வழக்கத்தில் நீடித்த மாற்றம் ஆகியன குடலின் பக்கம். இவை ஒவ்வொன்றுக்கும் எளிய காரணங்களே பெரும்பாலும் இருக்கும். ஆனால் குடும்பத்தில் மேற்சொன்ன மரபணுப் பிறழ்வு இருப்பது தெரிந்திருந்தால், அதை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

கண்காணிப்பும் சிகிச்சையும்

ஏபிசி பிறழ்வு உள்ள பிள்ளைகளுக்கு 10 முதல் 12 வயதில் குடல் அகநோக்கிப் பரிசோதனை தொடங்கப்பட்டு, ஓரிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தொடர்கிறது. பாலிப்புகள் அகற்றித் தீராத அளவுக்குப் பெருகும்போது பெருங்குடலையே அறுவை மூலம் எடுத்துவிடுகிறார்கள். இது பெரும்பாலும் பதின்பருவத்தின் பிற்பகுதியிலோ இருபதுகளிலோ நடக்கிறது. மலக்குடலை விட்டுவைத்துச் சிறுகுடலை அதோடு இணைப்பது ஒரு முறை. மலக்குடலையும் எடுத்துவிட்டுச் சிறுகுடலின் நுனியைப் பை போல் மடித்துத் தைத்து ஆசனவாயோடு இணைப்பது மற்றொரு முறை. அறுவைக்குப் பின்னும் முன்சிறுகுடலில் பாலிப்புகள் வரலாம் என்பதால் மேல்நோக்கிய அகநோக்கிப் பரிசோதனை வாழ்நாள் முழுதும் தேவை. மூளைக்கு எம்ஆர்ஐ எடுப்பதை இவர்கள் அனைவருக்கும் வழக்கமாகச் செய்வதில்லை. அறிகுறி தோன்றினால் தாமதமின்றி எடுப்பதே பெரும்பாலான மருத்துவர்களின் நிலைப்பாடு.

லிஞ்ச் சிண்ட்ரோமில் பெருங்குடலை முன்கூட்டியே எடுப்பதில்லை. எம்எல்ஹெச்1, எம்எஸ்ஹெச்2 பிறழ்வு உள்ளவர்களுக்கு 20 முதல் 25 வயதில் தொடங்கி, ஓரிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அகநோக்கிப் பரிசோதனை செய்கிறார்கள்; மற்ற இரு மரபணுக்களுக்கு இன்னும் சில ஆண்டுகள் தள்ளித் தொடங்கலாம். இரு பிரதிகளும் பழுதான குழந்தைகளுக்கோ கண்காணிப்பு மழலைப் பருவத்திலிருந்தே தேவை: ஆறு மாதங்களுக்கு ஒருமுறை மூளைக்கு எம்ஆர்ஐ, சற்று வளர்ந்ததும் ஆண்டுதோறும் குடல் அகநோக்கி, இவற்றோடு இரத்தப் பரிசோதனைகள். அடுத்தடுத்து மருத்துவமனைக்கு வருவது குழந்தைக்கும் பெற்றோருக்கும் பெருஞ்சுமைதான். ஆனால் மூளைக் கட்டியை அறிகுறி தோன்றும் முன்பே கண்டுபிடிப்பது உயிர்வாழும் வாய்ப்பைக் கூட்டுகிறது.

மரபணுவைத் தெரிந்துகொள்வது சிகிச்சையை எவ்வளவு மாற்றுகிறது என்பதற்குக் கிளியோபிளாஸ்டோமாவே சிறந்த எடுத்துக்காட்டு. இக்கட்டிக்கு வழக்கமாகத் தரப்படும் மருந்து டெமோசோலமைடு. அது புற்றுச்செல்லின் டிஎன்ஏவில் வேதிக்குறிகளை ஒட்டி, பொருந்தாத எழுத்துகளை உண்டாக்குகிறது. பிழை திருத்தும் குழு அவற்றைச் சரிசெய்ய முயன்று, முடியாமல் மீண்டும் மீண்டும் வெட்ட, இறுதியில் செல் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. அதாவது மருந்து கொல்வதற்குப் பிழை திருத்தும் குழுவின் ஒத்துழைப்பு வேண்டும். அந்தக் குழுவே இல்லாத கட்டியில் டெமோசோலமைடு பெரிதும் பயனற்றது. பிறழ்வுகளை இன்னும் கூட்டிவிடவும் செய்யும்.

ஆனால் அதே குறைபாடு மற்றொரு கதவைத் திறக்கிறது. பிழைகள் குவிந்த கட்டியில் இயல்புக்கு மாறான புரதங்கள் ஏராளமாக உருவாவதால், நோயெதிர்ப்பு மண்டலத்துக்கு அது அந்நியமாகத் தெரியும். புற்று அந்த மண்டலத்தின் மீது போட்டிருக்கும் தடையை நீக்கும் மருந்துகள் இங்கே நன்றாக வேலை செய்யக்கூடும். பிறவிவழிப் பிழைதிருத்தக் குறைபாடும் கிளியோபிளாஸ்டோமாவும் கொண்ட உடன்பிறந்த குழந்தைகள் இருவருக்கு நிவோலுமாப் என்ற மருந்தைக் கொடுத்துக் கட்டி சுருங்கியதை டொரண்டோ மருத்துவர்கள் 2016-இல் அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு, பிழைதிருத்தக் குறைபாடுள்ள கட்டி உடலின் எந்த உறுப்பில் இருந்தாலும் பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்தைப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி வழங்கியது. உறுப்பை வைத்து அல்லாமல் மூலக்கூறு அடையாளத்தை வைத்து ஒரு புற்றுநோய் மருந்துக்கு அந்த அமைப்பு தந்த முதல் அனுமதி அதுவே. எல்லாக் குழந்தைகளுக்கும் இம்மருந்துகள் பலன் தருவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

குடும்பத்தில் யாரைப் பரிசோதிப்பது

நோயுற்றவரிடம் பிறழ்வு கண்டறியப்பட்ட பின், அதே பிறழ்வை மட்டும் உறவினரிடம் தேடுவது எளிதானது, செலவும் குறைவானது. ஏபிசி பிறழ்வு உள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. ஏறத்தாழ கால் பங்கு நோயாளிகளுக்கு இந்தப் பிறழ்வு பெற்றோரிடமிருந்து வராமல் புதிதாகவே தோன்றியிருக்கும். அப்போது பெற்றோருக்கு நோய் இல்லாவிட்டாலும் நோயாளியின் பிள்ளைகளுக்கு வாய்ப்பு குறைவதில்லை. இரு பிரதிகளும் பழுதான குழந்தையின் உடன்பிறந்தோரில், நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஒரு பிரதி மட்டும் பழுதாகி லிஞ்ச் சிண்ட்ரோம் உடையவராக இருக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. உடன்பிறந்த சிறு குழந்தைகளை இங்கே உடனே பரிசோதிக்க வேண்டும். லிஞ்ச் சிண்ட்ரோம் மட்டும் உள்ள குடும்பத்திலோ, கண்காணிப்பு இருபதுகளில்தான் தொடங்குகிறது என்பதால், பிள்ளைகள் வளர்ந்து தாமே முடிவெடுக்கும் வரை பொதுவாகக் காத்திருக்கிறார்கள்.

பரிசோதனை முடிவை எப்படிப் படிக்க வேண்டும் என்பதை மரபியல் ஆலோசகரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. குடும்பத்தின் பிறழ்வு எது என்று தெரிந்திருந்து, ஒருவரிடம் அது இல்லை என்று வந்தால், அவருக்குப் பொதுமக்களுக்குரிய பரிசோதனைகளே போதும். அவருடைய பிள்ளைகளுக்கும் அந்தப் பிறழ்வு அவர் வழியாக வராது. நோயுற்றவரிடமே எந்தப் பிறழ்வும் கண்டறியப்படாத குடும்பத்தில், உறவினர் ஒருவருக்கு 'பிறழ்வு இல்லை' என்று வரும் அறிக்கைக்கு அந்தப் பொருள் கிடையாது. அங்கே நோயுற்றவரின் பெற்றோரும் உடன்பிறந்தோரும் பிள்ளைகளும், மரபணு அறிக்கை என்ன சொன்னாலும், குடல் அகநோக்கிப் பரிசோதனையைத் தொடர்ந்து செய்துகொள்ள வேண்டும்.